ஜன்னலுக்கு நேரே

ஜெயசிங் அடுத்த தட்டைத் தூக்கினார், ஆனால் எறியவில்லை.

குமாரி பிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, வலது காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். இடது காதைப் பொத்தவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அது கேட்காமல் போய்ப் பல காலமாயிற்று. அதுவும் இதே மேசைப் பக்கம் வாங்கிய அடிதான். தட்டு சுவரில் மோதும் சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இத்தனை வருடத்தில் தூக்கிய தட்டை அவர் எறியாமல் விட்டதாக ஒரு நாளும் கிடையாது. அதனால்தான் அவள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

"நாயுக்க..." என்று தொடங்கினார் அவர். மிச்சம் வாயில் வரவில்லை. மற்றக் கையால் மேசைவிரிப்பைப் பிடித்தார். விரிப்பு, மெழுகுவர்த்தித் தண்டு, கண்ணாடிக் கிளாஸ், பிளாஸ்டிக் ஆப்பிள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

"எந்திரிங்க," என்றாள் குமாரி.

அவர் எழவில்லை. குமாரி முதலில் செய்தது, அவருடைய விரல்களைப் பிரித்து அந்தத் தட்டை வாங்கியதுதான். மனுஷன் தரையில் கிடக்கும்போது இவளுக்குத் தட்டா பெரிது என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவர் எறிவார், இவள் பொறுக்குவாள், முப்பது வருடப் பழக்கம் அது. தட்டும் இவளுடையது இல்லை, புரோக்கர் பிரதீஷ் இரவல் கொண்டுவந்தது. அதை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கிடந்ததைப் பார்த்தாள். "சரோஜம் அக்கா! ஓடி வாங்க!" என்று அடுத்த வீட்டைப் பார்த்து அலறினாள்.

வீடு விற்கப்போகிறேன் என்று குமாரி அவரிடம் சொன்னது அதற்கு முந்தைய வாரம்தான். கொல்லயில் ஊரில் தென்னந்தோப்புக்கு நடுவே அவளுடைய அப்பா கட்டி, அவள் பேரில் எழுதிக்கொடுத்த வீடு அது. போன கிறிஸ்துமஸ் அன்று ஜெயசிங் அடுப்பிலிருந்து எடுத்த மீன்குழம்பைச் சட்டியோடு அவள் கையில் கவிழ்த்தார். உப்பு கூடிப்போயிற்றாம். அந்தக் கை ஆறுவதற்குள் அவள் தீர்மானித்துவிட்டாள். வீட்டை விற்றுவிட்டுக் கள்ளிக்காட்டில் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருப்பது. அவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

பிரதீஷ் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"சேச்சி, வீடு பாக்க வாறவங்க பெட்ரூமில ஒண்ணும் அதிகம் நிக்கமாட்டாவ. இந்த டைனிங் ஏரியாவில வந்து நிப்பாவ. இஞ்ச பிள்ளைகளோட இருந்து தின்னா எப்பிடி இருக்கும்னு மனசில ஒரு படம் ஓடணும். படம் ஓடியாச்சா, கச்சவடம் முடிஞ்சாச்சு."

ஆறு நாற்காலியில் இரண்டைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனான், அறை பெரிதாகத் தெரியுமாம். மருந்துப் பெட்டி, ரைஸ்குக்கர், சபைக் காலண்டர் எல்லாம் மறைந்தன. சுவருக்கு இளமஞ்சள் அடித்தார்கள். ஒரு அடி அடித்தும் பழைய குழம்புத் தெறிப்பு சிரித்துக்கொண்டு வெளியே வந்தது, இன்னொரு அடி அடிக்க வேண்டியிருந்தது. சுவரில் ஓரிடத்தில் பள்ளம் இருந்தது. "இது என்ன சேச்சி, ஆணி அடிச்சதா?" என்று கேட்டான். "ஆமா," என்றாள் குமாரி. அந்த இடத்தில் ஒரு கண்ணாடியை மாட்டினான். மேசைக்கு மேலே மஞ்சள் வெளிச்சம் விழும்படி ஒரு தொங்குவிளக்கு. ஜன்னலுக்கு வெளியே நின்ற வாழைக் கூட்டத்தை வெட்டித் தள்ளி, எம்சாண்ட் மணல் விரித்து, ஓரத்தில் பூச்சட்டி வைத்தான்.

"தின்னிட்டு தலை நிமிந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்," என்றான்.

குமாரிக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் யார் தலை நிமிர்ந்து தின்றார்கள்? ஜெயசிங் தனியாக உட்கார்ந்து தின்பார். மகன் வினீத் சிறுவயதிலிருந்தே தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் ஓடிவிடுவான். அவள் அடுக்களையில் நின்றுகொண்டே அள்ளிப்போட்டுக்கொள்வாள்.

வீடு பார்க்க வருகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று பிரதீஷ் போன் செய்த நேரத்தில்தான் ஜெயசிங் சபைக் கமிட்டி முடிந்து வந்தார். ஊருக்கு அவர் தங்கமான மனுஷன். சர்ச் கொயரில் அவருடைய கனத்த குரல் இல்லாமல் ஒரு பாட்டும் நிற்காது. உள்ளே வந்து மேசையைப் பார்த்தார்.

"ஆருக்குடி விருந்து?"

"வீடு பாக்க வாறாவ."

"அப்பிடியா? நான் செத்தா என்னை அந்தா அந்த ஜன்னலுக்கு நேரே அடக்கச் சொல்லி அண்ணன்கிட்ட பறஞ்சாச்சு. கல்லறை கெடக்கிய வீட்டை எவன் வாங்குவான்னு நான் பாக்குதேன்."

வீட்டு முற்றத்திலேயே அடக்கம் பண்ணுவது இந்தப் பக்கம் நடப்புதான். அப்படிக் கல்லறை வந்த வீட்டை வெளியாள் வாங்குவதும் நடப்பில் இல்லை. இரண்டும் அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு முதல் தட்டை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கொண்டு இறக்கும்போதே உயிர் இல்லை.

திரும்பி வரும்போது ஆம்புலன்ஸில் ஐஸ்பெட்டியும் சேர்ந்து வந்தது. முன்னறையில் பெட்டி திரும்பவில்லை. மேசையை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, தொங்குவிளக்குக்குக் கீழேதான் வைக்க முடிந்தது. சரோஜம் தரையிலிருந்த உடைசலைக் கூட்டி அள்ளி, விழுந்த சாமானையெல்லாம் திரும்ப மேசையில் எடுத்துவைத்தாள். பிரதீஷின் மஞ்சள் வெளிச்சம் ஜெயசிங்கின் முகத்தில் விழுந்தது. கோணிய வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவர் கல்யாண ஆல்பத்தில் இருந்த ஜெயசிங்கைவிட அழகாக இருந்தார். குமாரிக்கு ஆத்திரமாக வந்தது. அழுகை வரவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. நெஞ்சில் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி ஒரு சுகம், அதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிரதீஷ் போன் செய்தான். வந்தவர்களை உதியன்குளங்கரையிலேயே திருப்பி அனுப்பிவிட்டானாம்.

"துக்கத்தில கேக்குதேன்னு நெனைக்கப்பிடாது சேச்சி. அடக்கம் சர்ச்சிலதானே?"

"சர்ச்சிலதான்."

"அது போதும்."

சாயங்காலம் சுந்தரதாஸ் வந்தார். ஜெயசிங்கின் அண்ணன். ஐஸ்பெட்டியைக் கட்டிப்பிடித்து, "லேய் தம்பி, எனக்க குட்டி," என்று ஏங்கி ஏங்கி அழுதார். பொய் அழுகை இல்லை. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அழுது முடித்துத் தலை தூக்கியபோது ஜன்னலோர மேசையைப் பார்த்தார். மெழுகுவர்த்தித் தண்டு, கிளாஸ், கூடை நிறையப் பழம், துணியை விசிறிபோல மடித்துச் சொருகியிருந்த மிச்சத் தட்டு.

"எனக்க தம்பி சாகக் கெடக்கியப்பம் நீ இஞ்ச ஆருக்கு விருந்து வச்ச?"

"விருந்து ஒண்ணும் இல்ல அண்ணே. வீடு பாக்க..."

அவள் முடிக்கவில்லை. அவர் கை வீசி மேசையில் இருந்ததையெல்லாம் தரையில் தள்ளினார். கூடை கவிழ்ந்து பழங்கள் உருண்டோடின. ஒரு ஆரஞ்சை எடுத்து நசுக்கப் பார்த்தார், அது நசுங்கவில்லை. அதை உற்றுப் பார்த்துவிட்டு அவள் மேலேயே எறிந்தார். "பொணம் விழுந்த வீட்டில பிளாஸ்டிக் பழம் வச்சு மினுக்குதா பாரு!"

"அவிய எறிஞ்சு எறிஞ்சு விழுந்ததாக்கும்," என்றாள் குமாரி. "தட்டு எறிஞ்சிட்டு நின்னப்பம் விழுந்தாவ."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். இந்த வீட்டுத் தட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். வினீத் ஐஸ்பெட்டிப் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

சுந்தரதாஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே இறங்கினார். ஜன்னலுக்கு நேரே போய் நின்றார். வாழை இல்லை. தரை ஒப்பமாகக் கிடந்தது, மணல் விரித்து, ஓரத்தில் பூச்சட்டி வைத்து. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய முகமே வேறாக இருந்தது. நேராகக் குமாரியிடம் வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"என்னைப் பொறுத்துக்க மோளே. நான் உன்னைத் தப்பா நெனச்சிட்டேன். ஜன்னலுக்கு நேரே வேணும்னு அவன் எனக்கிட்ட பறஞ்சிருந்தான். உனக்கிட்டயும் பறஞ்சிருப்பான் போல. இடமெல்லாம் நீயே ஒருக்கி வச்சிட்டியே, பூச்சட்டி முதற்கொண்டு."

குமாரி மறுப்பதற்குள் அவர் ஐஸ்பெட்டிப் பக்கம் போய்விட்டார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் இப்போது அவளை நிமிர்ந்து பார்த்து, நல்ல பெஞ்சாதி என்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள். குமாரி வினீத்தை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மக்கா, வேண்டாம்னு பெரியப்பாகிட்ட சொல்லு. அம்மை இடம் ஒருக்கினான்னு நம்பி வெட்டாதுங்க, அம்மை வீடு விக்கப்போறான்னு சொல்லு."

"அம்மா, ஊரு கூடி நிக்கி. இப்பம் போயி வீட்டு விலை பேசினா நாறிப்போவும். செத்த மனுஷனுக்க ஒரு ஆசைதானே?"

"அப்பம் நான் இஞ்சேருந்து போவ வேண்டாமா?"

"எதுக்குப் போணும்? அப்பாதான் போயாச்சே. இனி ஆரு உன்னை அடிப்பா? நிம்மதியா இஞ்சேயே கெட."

அவன் அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவுதான் புரிந்திருக்கிறது. அடி விழாமல் இருந்தால் போதுமாம், அதற்கு மேலே ஒன்றும் அவளுக்கு வேண்டாமாம். ஜன்னலைத் திறந்தால் அந்த மனுஷனின் கல்லறை. சமைக்கும்போது, கழுவும்போது, விளக்கணைக்கும்போது அந்தக் கல்லறை. இவள் சாகும்போது பக்கத்தில் இடம் ஒதுக்கி அங்கேயே போடுவார்கள். வெளியே மண்வெட்டி விழும் சத்தம் ஒரு காதில் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

குழி தொடையளவு ஆகியிருந்தது. குமாரி வெட்டுகிறவர்களுக்கு நடுவில் இறங்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, மேலே ஏறுங்க, காலில வெட்டு விழும்," என்றான் ஒருவன்.

"விழட்டு."

பந்தலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த கொயர் ஒவ்வொரு குரலாக நின்றது. சுந்தரதாஸ் ஓடிவந்தார்.

"என்ன கோலம் இது குமாரி? ஏறு வெளியே."

"இது எனக்க மண்ணு அண்ணே. எனக்க அப்பா எனக்குத் தந்தது. நான் இடம் ஒருக்கல. வீடு விக்கதுக்காக்கும் வாழையை வெட்டினேன். இவியளை இஞ்ச அடக்கப்பிடாது."

"செத்தவன் மேல வெறுப்பாடி உனக்கு?"

"ஆமா," என்றாள் குமாரி. சத்தமாகவே சொன்னாள். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. "வெறுப்பாக்கும். எனக்க காது போச்சு, கை வெந்துபோச்சு, ஒரு நேரம் இருந்து சோறு தின்ன விட்டாவளா அவிய? உங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வந்து கதவைத் தட்டல. இப்பம் குழி வெட்ட மட்டும் எல்லாரும் வந்திருக்கியளா? நான் மாட்டேன். இந்த ஜன்னலுக்கு வெளியேயும் அவியளை நான் பாத்துட்டு இருக்கணுமா? மாட்டேன்!"

சுந்தரதாஸ் குனிந்து அவளுடைய கொண்டையைப் பிடித்துத் தூக்கினார். அவள் அவருடைய மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் உப்பு தட்டும்வரை விடவில்லை. அவர் கத்திக்கொண்டு மண்குவியலைக் காலால் எற்றினார், மண் அவள் முகத்தில் வந்து விழுந்தது. மறுபடி கை ஓங்கினார்.

அப்போதுதான் வினீத் பாய்ந்தான். பெரியப்பாவைப் பின்னாலிருந்து பிடித்து மண்குவியல் மேல் சாய்த்து, மார்பில் ஏறி உட்கார்ந்து மூஞ்சியில் குத்தினான். மறுபடி குத்தினான். உதடு கிழிந்து இரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. "எனக்க அம்மையைத் தொடுதியா? நாயுக்க மோனே!" என்று கத்தினான்.

குமாரி அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். கனத்த குரல். அதே குரல். கை ஓங்கும்போது இடது தோள் முன்னால் வருகிறதே, அதுவும் அவருடையதேதான். பிள்ளை அம்மாவுக்காக அடிக்கிறான் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம், அவளுக்கு ஐஸ்பெட்டிக்குள் கிடந்தவர் எழுந்துவந்துவிட்டார் போலப் பயம் வந்தது. குழியிலிருந்து எக்கி ஏறினாள். கிடந்த மண்வெட்டியை எடுத்துத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் மகனுடைய தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

வினீத் விழித்தான். "அம்மா... உனக்காகத்தானே..."

"எனக்காக ஆரும் ஆரையும் அடிக்கண்டாம். கையை எறக்குலே!"

அவன் கையை இறக்கினான். தன் கையையே பார்த்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அதுவரை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற போதகர் தொண்டையைச் செருமினார். "இடம் குமாரிக்க பேரிலாக்கும். அவளுக்குச் சம்மதம் இல்லையெங்கி இஞ்ச அடக்க ஒக்காது. சர்ச் பறம்பில இடம் உண்டு," என்றார். இதை அவர் நேற்றே சொல்லியிருக்கலாம். சிலருக்கு இரத்தத்தைப் பார்த்தால்தான் நியாயம் ஞாபகம் வரும்.

மத்தியானம் பெட்டி கிளம்பியது. சுந்தரதாஸ் கடிபட்ட கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கிழிந்த உதட்டோடு தம்பியின் தலைமாட்டைத் தூக்கினார். மறுபக்கம் வினீத். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. குமாரி கேட் வரைக்கும் போனாள். அங்கே நின்று, "போயிட்டு வாங்க" என்று வழக்கம்போல வாயில் வந்ததை அப்படியே விழுங்கினாள். அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை, துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

குழி வெட்டியவர்கள் மூடாமலே போய்விட்டார்கள்.

"வெறுங்குழி ஆளு கேக்கும்னு சொல்லுவாவ குமாரி," என்றாள் சரோஜம். "ஒரு வாழைத்தண்டாவது போட்டு மூடு."

"கேட்டா கேக்கட்டு அக்கா. குடுக்கதுக்கு இஞ்ச ஆளில்ல."

மண்வெட்டியை எடுத்துக் குமாரியே மூடினாள். சரோஜம் கொஞ்சம் கை கொடுத்தாள், பிறகு மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டாள். எடுத்த மண் முழுவதும் உள்ளே போகவில்லை. மூடி முடித்தபோது மண் நீளவாக்கில் மேடிட்டு நின்றது. மிதித்துப் பார்த்தாள், அமரவில்லை.

மழை மூட்டம் போட்டிருந்த நேரத்தில் பிரதீஷ் வந்தான். கூடவே வீடு பார்க்க வரவேண்டியிருந்த இருவர். குவைத்தில் நர்ஸாக இருக்கிற பெண்ணும் அவள் புருஷனும். துக்கம் கேட்கத்தான் வந்தார்கள், பாவம், கையில் ஒரு பாக்கெட் பிரெட்டும் பழமும் இருந்தது. அந்த ஆள் முற்றத்தில் ஏறியதும் மேட்டைப் பார்த்து அப்படியே நின்றான்.

"அப்பம்... இஞ்சத்தானா அடக்கியது?"

பிரதீஷுக்கு முகம் செத்துப்போயிற்று. "சேச்சி, சர்ச்சிலன்னு பறஞ்சியளே!"

"சர்ச்சிலாக்கும் அடக்கியது. இதில ஆருமில்ல."

"பின்ன இது?"

"இஞ்ச அடக்கணும்னு வெட்டினாவ. நான் விடல."

அந்த ஆள் பிரதீஷைப் பார்த்தான், பிரதீஷ் வானத்தைப் பார்த்தான். அந்தப் பெண் மட்டும் குமாரியைப் பார்த்தாள். அவிழ்ந்து கிடந்த முடி, கன்னத்தில் காய்ந்த மண், முழங்கைவரை தோல் சுருங்கிப்போன கை. நர்ஸ்தானே, அந்தக் கையில் அவள் கண் சற்றுக் கூடுதல் நேரம் நின்றது.

"தண்ணி குடிக்கலாமா அம்மா?" என்று சொல்லி உள்ளே வந்தாள்.

வந்தவள் மேசைப் பக்கம் நின்றாள். மேசையில் விரிப்பில்லை, தட்டில்லை, ஒன்றுமில்லை. தொங்குவிளக்கும் அணைந்து கிடந்தது. நாற்காலி இரண்டு ஐஸ்பெட்டிக்காக ஒதுக்கிய இடத்திலேயே சுவரோரம் நின்றது. அவள் ஜன்னலை முழுசாகத் திறந்தாள்.

"இஞ்ச இருந்து தின்னா நல்ல காற்று கிட்டும், இல்லியா?"

குமாரி யோசித்தாள். கிட்டும் என்று சொல்லியிருக்கலாம். வீடு விற்கிறவள் சொல்லவேண்டியதும் அதுதான்.

"எனக்கு அறியாது மக்கா," என்றாள். "நான் இதில இருந்ததில்ல."

அந்தப் பெண் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து ஜன்னலைப் பார்த்துப் போட்டாள். "இருங்க," என்றாள். குமாரி தயங்கினாள், பிறகு நுனியில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்தாள். பிரெட் பாக்கெட்டைப் பிரித்து ஒரு துண்டை அவள் முன்னால் வைத்தாள். மழைக்கு முந்தின காற்று உள்ளே வந்தது.

"உண்டு," என்றாள் குமாரி. "காற்று உண்டு."

வெளியே அந்த ஆள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, குடைக்கம்பியை மண்மேட்டில் குத்தி இறக்கிக்கொண்டிருந்தான். பிடிவரை இறங்கியது, அடியில் பெட்டி எதுவும் தட்டவில்லை. உருவி எடுத்து, ஒரு அடி தள்ளி நின்று, மறுபடி குத்தினான். குமாரி பிரெட்டை மென்றுகொண்டே அவனைப் பார்த்தாள். எல்லா இடத்திலும் குத்திப் பார்க்கட்டும் என்று அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள்.